கொழும்பிலிருந்து கணவன் மனைவியாக மூன்று நாள் போய் ஓய்வெடுக்க, ஹலால் சாப்பாட்டுக்குக் கவலையில்லாத ஏரிக்கரை எது?

காசல்ரீ. ஹட்டனைத் தாண்டி டிக்கோயா, நோர்வூட் பக்கம் இருக்கும் நீர்த்தேக்கம். நானும் கணவரும் மூன்று தடவை போயிருக்கிறோம். பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவர் மட்டும்.

கல்யாணமாகி நான்கு வருடம், இருவருக்கும் வேலை, கணவருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, இன்னும் எங்கேயும் தனியாகப் போகவில்லை, சத்தமில்லாத இடம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். படித்தவுடன் எங்கள் பழைய நிலைமைதான் ஞாபகம் வந்தது. என் கணவருக்குப் புறக்கோட்டையில் கடை. கடையைப் பூட்டினாலும் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

நுவரெலியா நல்ல ஊர், அதில் சந்தேகமில்லை. 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் வெட்டிய வாவி, குளிர், பூந்தோட்டம் எல்லாம் உண்டு. ஆனால் ஏப்ரல் மாதத்திலும் நீண்ட வார இறுதிகளிலும் கொழும்பே அங்கே ஏறிவிடும். வாவியைச் சுற்றி மோட்டார் படகுச் சத்தம், குதிரை, பாட்டு. குடும்பத்தோடு போக அது சரி. நீங்கள் கேட்பது வேறு.

எங்கள் முதல் பயணம் நுவரெலியாவுக்குத்தான். ஒரு பெரிய ஹோட்டலில் தங்கினோம். பதிவு செய்யும்போதே கேட்டேன், "எல்லாம் ஹலால்தான் மேடம்" என்றார்கள். காலையில் ஆம்லெட் வாங்கத் தட்டோடு வரிசையில் நின்றேன். அங்கே நின்றவர் பக்கத்துக் கல்லில் பேக்கனைப் புரட்டிவிட்டு, அதே கரண்டியால் என் ஆம்லெட்டைத் திருப்பினார். அவர் மேல் கோபம் வரவில்லை. வரவேற்பில் இருந்தவர்களும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், இறைச்சி வாங்கும் கடையை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். ஆனால் மீதி இரண்டு நாளும் பாணும் வாழைப்பழமும்தான். இரவில் மழைக்குள் இவர் டவுனுக்குப் போய் முஸ்லிம் கடை தேடிக் கொத்து வாங்கி வந்தார். ஒவ்வொரு வேளையும் இதில் என்ன போட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தால் எந்த ஏரியைப் பார்த்தும் மனம் ஆறாது.

அதனால்தான் இப்போதெல்லாம் இடத்தை விடச் சமையலறையை முதலில் பார்க்கிறோம். காசல்ரீ பக்கம் பழைய தோட்டத்துப் பங்களாக்கள் பல விருந்தினர் வீடுகளாகிவிட்டன. சிலது மிகவும் விலை. சிலவற்றில் நான்கைந்து அறைதான், ஒரே ஒரு சமையல்காரர். அப்படிப்பட்ட இடம்தான் நமக்கு வசதி. பதிவு செய்யும் நம்பரோடு நிறுத்தாமல், "சமைப்பவரோடு இரண்டு நிமிடம் பேசலாமா?" என்று கேளுங்கள். தோட்டத்துப் பக்கம் பெரும்பாலும் தமிழர்கள்தான், பேசுவது சுலபம். கோழி எங்கே வாங்குகிறார், பன்றி சமைப்பதுண்டா, உண்டென்றால் சட்டியும் எண்ணெயும் வேறா, சோஸில் வைன் ஊற்றுவாரா, புடிங்கில் என்ன ஜெலட்டின், கேக்கில் ரம் உண்டா. இவ்வளவுதான். பக்கற்றில் வரும் கோழியென்றால் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்லலாம். 2014 முதல் அந்தச் சான்றை ஹலால் அக்ரெடிடேஷன் கவுன்சில்தான் கொடுக்கிறது. சிறிய பங்களாக்களில் சுவரில் சான்றிதழ் தொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே சமைப்பவரின் வார்த்தைதான் சான்று.

நாங்கள் முதல் தடவை அங்கே போனபோது சமைத்தவர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், ஐம்பது வயதிருக்கும். பையைக்கூட இறக்கவில்லை, "தங்கச்சி, கொஞ்சம் வாங்க" என்று என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். லேபல் கிழிக்காத புதுத் தாச்சி ஒன்று மேசையில் இருந்தது. கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தார், உதவிக்கு வரும் பையன் மாற்றி எடுத்துவிடக்கூடாது என்று. "இது உங்க ரெண்டு பேருக்கு மட்டும்" என்றார். அன்றிரவு அந்தத் தாச்சியில் பொரித்த கோழியும், தேங்காய் ரொட்டியும், கட்டைச் சம்பலும். நான் நிம்மதியாகச் சாப்பிட்ட அந்தச் சாப்பாடு இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். சிலர் கொழும்பிலிருந்து மாட்டிறைச்சியை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோய்ச் சமைத்துத் தரக் கேட்கிறார்கள். அந்தச் சமையல்காரர் இந்து. மறுக்கச் சங்கடப்பட்டுச் செய்து கொடுப்பார். நம் உணவு விஷயத்தில் அவர் இவ்வளவு கவனம் எடுக்கும்போது, அவர் மனதையும் நாம் பார்க்க வேண்டாமா? மூன்று நாள் கோழியும் மீனும் மரக்கறியும் போதும்.

இனி ஏரி. சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தால் தண்ணீரே தெரியாது, வெறும் பனிமூட்டம். பிறகு மெதுவாக மேலே கிளம்பும். முதலில் கரையில் சிவப்பு மண் தெரியும், அப்புறம் தண்ணீர், கடைசியில் எதிர்ப்பக்கத் தேயிலை மலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் பேச்சுச் சத்தம் தண்ணீருக்கு மேலால் தெளிவாகக் கேட்கும். இவர் அந்த நேரத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். எழுப்ப மனம் வராது. பங்களாக்காரர் கொண்டுவந்து வைத்த பிளேன்டீ பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும்.

வேறு என்ன செய்யலாம் என்றால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். தேயிலைக்குள் நடக்கலாம். டிக்கோயாப் பக்கம் ஏரியைப் பார்த்தபடி 1878இல் கட்டிய வார்லி கல் தேவாலயம் இருக்கிறது, வெளியிலிருந்து பார்க்கவே அழகு. ஒரு நாள் மஸ்கெலியாப் பக்கம் போய் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். அதைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் நீருக்குள் போனது. தண்ணீர் நன்றாக வற்றும் காலத்தில் பழைய கோவில், விகாரை, பள்ளிவாசல் எல்லாவற்றின் மிச்சமும் வெளியே தெரியும். அங்கிருந்து பாவா ஆதம் மலையும் தெரியும், சிவனொளிபாதமலை என்று சொல்வார்களே, அதுதான். 2,243 மீட்டர். 1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா ஏறிய மலை. டிசம்பர் போயாவிலிருந்து மே வெசாக் வரை யாத்திரைக் காலம், அந்த நாட்களில் வார இறுதி என்றால் ஹட்டன் பாதை முழுக்க வாகனம். அதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

காலநிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மே கடைசியிலிருந்து மழை விடாது, அட்டையும் அதிகம். சுவெட்டர் கட்டாயம்.

தொழுகைக்குச் சிரமமில்லை. ஹட்டன் டவுனில் ஜும்ஆப் பள்ளி இருக்கிறது. அறையில் தொழும்போது, இங்கிருந்து கிப்லா மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்தது, சூரியன் மறைந்த பக்கத்தைப் பார்த்து வைத்தால் பிடித்துக்கொள்ளலாம். பிரயாணத்தில் இருப்பதால் சேர்த்தும் சுருக்கியும் தொழலாம்.

கொழும்பிலிருந்து காரில் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கித்துல்கலயில் பாதையோரம் ஓடுவது களனி கங்கை. காசல்ரீக்கு வரும் கெஹெல்கமு ஓயாவும் மவுஸ்ஸாகலையின் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் அந்த ஆறு. அம்பத்தளையில் சுத்திகரித்து நம் வீட்டுக் குழாய்க்கு வருவதும் அதே ஆற்றுத் தண்ணீர்தான். இவர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை, வரைபடத்தை விரித்துக் காட்டிய பிறகுதான் நம்பினேன்.

கணவருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு என்பதால், திங்களும் செவ்வாயும் எப்படியாவது கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஞாயிறு சுபஹு தொழுதுவிட்டுக் கிளம்புங்கள். வார இறுதிக்கு வந்தவர்கள் அன்று பின்னேரமே இறங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை பங்களா முழுக்க உங்கள் இருவருக்குத்தான், ஒரு அறைக் காசுதான் கட்டியிருந்தாலும். வராந்தாவில் யாரும் குடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், நீங்களும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இல்லாமல் உட்காரலாம். சமையல்காரருக்கு அதற்கு முந்தின வியாழனே போன் பண்ணிவிடுங்கள், கோழி வாங்க அவர் ஹட்டன் வரை போக வேண்டும்.