உறையோடு இருக்கட்டும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பழைய வீட்டை ஒழித்தபோது, என் கணவரின் பாட்டையா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க (வணிகம் செய்ய)ப் போயிருந்த காலத்துக் கடிதக் கட்டு ஒன்று பெட்டகத்தில் கிடைத்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் அவற்றிலுள்ள தபால்தலைகளைக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டப்போவதாக அடம்பிடிக்கிறான். விடலாமா? இந்தப் பொழுதுபோக்கால் இக்காலத்தில் பயன் உண்டா?

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கத்தரிக்கோலை வாங்கி உள்ளே வையுங்கள். பத்து வயதில் ஒரு பினாங்குக் கடிதத்திலிருந்து நான் உரித்தெடுத்த தபால்தலை இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை யார் யாருக்கு எழுதினார்கள் என்பதுதான் தெரியவில்லை. உறையோடு இருக்கும்வரைதான் அஞ்சல் முத்திரையின் ஊரும் தேதியும் முழுதாகப் படிக்கக் கிடைக்கும்.

அந்தக் கட்டைத் தேதிவாரியாக அடுக்கும் வேலையைப் பையனிடமே கொடுங்கள். ரங்கூனிலிருந்து வந்த கடிதத்தில் இந்தியத் தபால்தலை ஏன் ஒட்டியிருக்கிறது என்று அவன் கேட்பான். 1937 ஏப்ரல் 1 அன்று பிரிக்கப்படும் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது என்பதும், பிரிந்த பிறகு முதலில் இந்தியத் தபால்தலைகளின் மீதே பர்மா என்று ஆங்கிலத்தில் மேலச்சிட்டுப் பயன்படுத்தி, 1938இல்தான் தனித் தபால்தலைகளை வெளியிட்டார்கள் என்பதும் அவனுக்கு விடையாகும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது, 1945இல்தான் மீட்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் உங்கள் கட்டில் இடைவெளி இருக்கக்கூடும். அக்காலத்தில் பாட்டையா எங்கிருந்தார், கால்நடையாக ஊர் திரும்பியவர்களில் அவரும் ஒருவரா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் அவன் கேட்டறியட்டும்.

ஆல்பத்துக்கு வேறு தபால்தலைகளைத் தேடுங்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் உறவினரைத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஈரத்தில் கழலும் பசையுள்ளதாக இருந்தால், ஒட்டிய காகிதத்தோடு வெட்டி வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் போட்டால் அது தானே கழன்று வரும். கவிழ்த்து உலர்த்திக் கனமான புத்தகத்துக்கிடையே வைத்தால் சுருளாது. வண்ண உறைத் துண்டாக இருந்தால் சாயம் இறங்கும், தனியாக ஊற வையுங்கள். பசையும் செலோடேப்பும் ஆல்பத்தின் அருகிலேயே வரக்கூடாது. ஹிஞ்ச் எனப்படும் சிறு ஒட்டுத்தாள் போதும். புதிய தபால்தலைகள் வேண்டுமென்றால், தபால்தலைப் பிரிவுள்ள தலைமை அஞ்சலகத்தில் 200 ரூபாய் கட்டிக் கணக்குத் தொடங்கலாம். வெளியாகும் தபால்தலைகள் வீடு தேடி வரும்.

பயனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பணமாகும் என்று எண்ணினால் ஏமாற்றம்தான். நம் வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் லட்சக்கணக்கில் அச்சிடப்பட்ட சாதாரணத் தபால்தலைகள். ஆனால் அந்தக் கடிதங்கள் உங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. ராமபாணப் பூச்சி அண்டாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

போர் ஆண்டுகளில் வந்த கடிதம் ஒன்றாவது அகப்பட்டால், அதன் முத்திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன்.