எல்லாரும் சேர்ந்து கேட்க ஒரு ஸ்டீரியோ செட்

கேள்வி: வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். மாமியாருக்கு 72 வயது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு போனை எடுத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். முன்பெல்லாம் ஒரே டேப்ரெக்கார்டரில் வீடே பாட்டுக் கேட்டது. அந்த மாதிரி ஒரு செட் வேண்டும். 15,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். கடையில் 'ஆயிரம் வாட்ஸ்' என்று ஒரு பெரிய பெட்டியைக் காட்டுகிறார்கள். மகனுக்கு சவுண்ட்பார் மேல் ஆசை. ஹால் 16க்கு 11 அடி. எதை வாங்கட்டும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. அந்த ஆயிரம் வாட்ஸ் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று, அதாவது கண நேர உச்ச சக்தி என்று போட்டிருந்தால் அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். தொடர்ந்து தர முடிகிற சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட்ஸ்தான். உங்கள் ஹாலில் பேச்சுக் குரலைவிடக் கொஞ்சம் உரக்கப் பாட்டுக் கேட்க, நல்ல ஸ்பீக்கருக்கு ஓரிரண்டு வாட்ஸே பெரும்பாலும் போதும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். அதாவது, 'கொஞ்சம் கூடியிருக்கிறது போல' என்று தோன்றும், அவ்வளவுதான். சவுண்ட்பார் டிவி வசனத்துக்கு நல்லது. ஆனால் மூன்றடி நீளத்துக்குள் இடதும் வலதும் அடங்கிவிடுவதால், எட்டடி தள்ளி உட்கார்ந்தால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவது போலத்தான் கேட்கும்.

உங்களுக்கு வேண்டியது தனித்தனியாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர். பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கே போகட்டும். கனத்த பாஸ் ஒலிக்கு ஐந்து அங்குல ஊஃபரும், மேல் ஸ்தாயி ஒலிக்குத் தனி ட்வீட்டரும் உள்ள ஜோடியாகப் பாருங்கள். சென்னை ரிச்சி தெரு பக்கம் போக வாய்த்தால், ப்ளூடூத்தோடு வரும் கையகல ஆம்ப்ளிஃபையர்கள் நிறைய கிடைக்கும். 24 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை உங்கள் ஹாலுக்குத் தாராளம். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே வைத்த ஸ்பீக்கர்களும் உண்டு, மாட்டுவது சுலபம். ஆனால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் போர்டு போனால் நல்ல ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து சும்மா கிடக்கும். அப்படி வந்த பெட்டிகளை நிறையப் பிரித்துப் பார்த்தவன் என்பதால் தனித்தனியாக வாங்கச் சொல்கிறேன். ஒயருக்கு விசேஷமாக எதுவும் வேண்டாம். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரே போதும்.

இனிதான் முக்கியமான விஷயம். நல்ல செட் வாங்கியும் ஐந்து பேரில் ஒருவர் மட்டும் அனுபவிப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே நடந்தது. சாயங்காலம் அம்மா சமையலறை வாசல் ஓரமாக உட்கார்ந்து பூக்கட்டுவார். இடது பக்க ஸ்பீக்கர் அவர் தோளுக்கு இரண்டடியில் இருந்தது. ஒருநாள், "தபலா மட்டும்தாண்டா கேக்குது, வயலினைக் காணோமே" என்றார். நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் அழகாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தனை மாதமாக அம்மா பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார். அன்றைக்கு ராத்திரியே எல்லாவற்றையும் நகர்த்தினேன்.

நீங்கள் இப்படி வையுங்கள். 11 அடிச் சுவர்ப் பக்கமாக வைத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஆறேழு அடி விடுங்கள். சுவரிலிருந்து ஓரடியாவது முன்னால் இருக்கட்டும். மூலையில் தள்ளினாலும், ஷோகேஸ் தட்டுக்குள் அடைத்தாலும் பாஸ் கும்மென்று குரலை மூடிவிடும். பீரோ மேல் ஏற்றாதீர்கள். சோபாவில் உட்காருபவரின் காது மட்டத்துக்கு, அதாவது ஏறக்குறைய மூன்றடி உயரத்துக்கு, ட்வீட்டர் வரட்டும். பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள் என்றால் பெட்டியின் பின்பக்க அடியில் ஒரு சின்ன மரத்துண்டைக் கொடுத்து, முகம் லேசாகக் கீழே பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள்.

வழக்கமாக ஸ்பீக்கர் இரண்டையும் நடு இருக்கையைப் பார்க்கத் திருப்பச் சொல்வார்கள். குடும்பத்துக்கு அது சரிப்படாது. இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்புங்கள். இரண்டின் பார்வையும் சோபாவுக்கு இரண்டடி முன்னாலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள வேண்டும். இடது ஓரத்தில் இருப்பவருக்கு இடது ஸ்பீக்கர் பக்கத்தில் இருப்பதால் அதன் ஒலி முதலில் வந்து காதைத் தன் பக்கம் இழுக்கும். இப்படித் திருப்பினால் அந்த ஸ்பீக்கரின் முகம் அவரை விட்டு விலகிவிடும், தூரத்தில் இருக்கும் வலது ஸ்பீக்கர் நேராக அவரைப் பார்க்கும். பக்கத்தில் இருப்பது தணிந்தும் தூரத்தில் இருப்பது தூக்கலாகவும் கேட்பதால் பாடுபவர் நடுவுக்கு நகர்ந்து வருவார். வலது ஓரத்திலும் இதே கதைதான். காசு செலவே இல்லை.

அப்புறம், எல்லாருக்கும் பழக்கமான ஒரு குரலைப் போட்டு, ஐந்து பேரையும் அவரவர் இடத்தில் உட்கார வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, பாடுபவர் எங்கே நிற்கிறார் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். ஐந்து விரலும் ஏறக்குறைய நடுவைக் காட்டும்வரை பெட்டிகளை ஓர் அங்குலம், அரை அங்குலமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். நடு இருக்கையிலும் குரல் ஓரிடத்தில் நிற்காமல், பாஸும் மெலிந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கரில் ஒயர் மாட்டும் சிவப்பு முனையும் கறுப்பு முனையும் மாறியிருக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

டைல்ஸ் தரையா? நடு ஹாலில் நின்று ஒரு கை தட்டுங்கள். கணீரென்று எதிரொலித்தால் சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு கனமான பவானி ஜமுக்காளத்தை விரித்துவிடுங்கள், ஜன்னலுக்கு முழு நீளத் திரை போடுங்கள். மாமியாருக்காக வால்யூமைக் கூட்டாதீர்கள், நாற்காலியை இரண்டு மூன்று அடி முன்னால் இழுத்துப் போடுங்கள். வயதானால் மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் காதில் மங்கும். அதனால் ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் அவரிடமே கேட்டுக் கேட்டுக் கூட்டுங்கள்.

கேள்வி: பரணில் 1990களில் வாங்கிய ஸ்பீக்கர் ஜோடி கிடக்கிறது. உதவுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பெரும்பாலும் உதவும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டியின் முன்பக்கத் துணியைக் கழற்றி, ஊஃபரைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். ரப்பராக இருந்தால் நல்லது. ஃபோம் என்றால் விரல் பட்டதும் பழைய கேக் மாதிரி உதிரும். அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், புது ஸ்பீக்கர் தேவையில்லை. அடுத்து, கோனை, அதாவது ஊஃபரின் நடுவில் புனல் மாதிரி இருக்கும் பகுதியை, நாலு விரலால் சமமாக மெல்ல அழுத்துங்கள். கரகரவென்று உரசினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், போய்விட்டது. உரசவில்லை என்றால் ஒரு 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் தொடுங்கள். இரண்டு பெட்டியிலும் கோன் வெளிப்பக்கம் நகர வேண்டும். பெட்டிக்குப் பின்னால் எத்தனை ஓம் (மின்தடை அளவு) என்று போட்டிருக்கிறது எனப் பார்த்து, உங்கள் ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்குமா என்று கேட்டுவிட்டு மாட்டுங்கள். செல்லை மட்டும் தொட்டவுடன் எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.