பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு நாடு மாறும் முன்

வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்விடலாம், பள்ளிக்கூடம் எங்கேயும் இருக்கத்தானே செய்யும் என்ற கணக்கு, ஐந்து வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்குச் சரி. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால் அது சரிப்படாது. அந்த வயதில் பள்ளியின் இறுதித் தேர்வு ஒரு பக்கம் நெருங்குகிறது. பெற்றோரைச் சார்ந்தவர் என்ற விசா தகுதி இன்னொரு பக்கம் கெடு வைத்துத் தேய்கிறது. எனவே பிள்ளைக்கு 18 முடியும் மாதத்தை ஒரு தாளில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நாட்டைத் தேர்ந்தெடுப்பது அதற்கு அப்புறம்.

முதலில் விசா. கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தில் 22 வயது நிறையாத, மணமாகாத பிள்ளையைச் சேர்க்கலாம். ஆஸ்திரேலியாவில் 18 ஆகிவிட்டால், பிள்ளை உங்கள் செலவில்தான் வாழ்கிறது என்று ஆதாரம் காட்ட வேண்டும். அதுவும் 23 வரைதான். பிரிட்டனில் முதல் விண்ணப்பமே 18க்கு முன்னால் போயிருக்க வேண்டும். அமெரிக்காவில் எல்லை 21. கிரீன் கார்டு வரிசை நீளமாக உள்ள நாட்டில் பிறந்தவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள்: உங்கள் முறை வருவதற்குள் பிள்ளைக்கு 21 ஆகி, தனியாக மாணவர் விசா தேட நேரலாம். சிங்கப்பூரில் பெற்றோர் வழியாக பி.ஆர். பெறும் ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு தேசிய சேவை (ராணுவம், காவல் போன்ற பணி) கட்டாயம். இதை 17 வயதில் தெரிந்துகொண்டு பதறும் குடும்பங்கள் உண்டு.

அடுத்தது, பிள்ளை எந்த வகுப்பில் போய் இறங்கும் என்பது. அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. என்ற பதினாறு வயதுப் பொதுத் தேர்வுக்கு இரண்டு ஆண்டுப் பாடம்: பத்தாம், பதினொன்றாம் ஆண்டு. பதினொன்றாம் ஆண்டின் நடுவில், ஜனவரியில் போய்ச் சேரும் பிள்ளைக்கு மே மாதத்தில் தேர்வு. இலக்கியத்துக்கு எந்த நூல்கள் என்பது தேர்வு வாரியத்துக்கு வாரியம், பள்ளிக்குப் பள்ளி மாறும். படிக்காத நாடகத்தைப் பற்றி நான்கு மாதத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் யாரால் முடியும்? ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்ச்சி நிலையான நான்காம் கிரேடாவது வராவிட்டால், அடுத்த கட்டப் படிப்போடு அவற்றையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். இங்கிலாந்து என்று முடிவானால் பத்தாம் ஆண்டு தொடங்கும் செப்டம்பருக்குள் போங்கள். அது முடியாவிட்டால், இங்கே பத்தை முடித்துவிட்டு நேரே ஏ-லெவலில் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டு ஆண்டுப் படிப்பு) சேர்வது நல்லது. இடைப்பட்ட காலத்தில் போவதுதான் மோசம்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் கதை வேறு. அங்கே ஒரே பெரிய தேர்வு கிடையாது. 30 கிரெடிட் (முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் அலகு), ஒரு எழுத்தறிவுத் தகுதி, 40 மணி நேரச் சமூகப் பணி என்று கூட்டிக்கொண்டே போவதுதான் பள்ளிப் படிப்பு. பழைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பள்ளி முதல்வர் ஈடாகக் கிரெடிட் தருவார். தாமதமாக வரும் பிள்ளைக்கு இது தாராளமான முறை, ஆனால் கண்ணி வேறொரு இடத்தில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் ‘ஃபங்ஷன்ஸ்’ என்ற பல்கலைக்கழகப் பாதைக் கணக்கை எடுத்தால்தான் பன்னிரண்டில் நேராக ‘அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ்’ எடுக்கலாம். அது இருந்தால்தான் கால்குலஸ். புதிதாக வந்த பிள்ளை சிரமப்படும் என்று நல்லெண்ணத்தில் பள்ளி எளிய கணக்கில் போட்டுவிட்டால், பொறியியல் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். முதல் நாள் சந்திப்பிலேயே கைடன்ஸ் ஆலோசகரிடம், “இந்தப் பாடம் எடுத்தால் பன்னிரண்டில் எதெல்லாம் எடுக்க முடியாது?” என்று கேளுங்கள்.

சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கான நுழைவுத் தேர்வு உயர்நிலை மூன்றாம் ஆண்டு வரைதான். நான்காம் ஆண்டுக்கு அந்த வழியில் இடம் கிடையாது. எந்த நாட்டிலானாலும், ஐ.பி. டிப்ளமா என்ற இரண்டு ஆண்டு சர்வதேசப் பள்ளி இறுதிப் படிப்பைத் தொடங்கிவிட்ட பிள்ளையை நடுவில் பிடுங்காதீர்கள். அதே பாடங்களை அதே நிலையில் தரும் இன்னொரு ஐ.பி. பள்ளி கிடைப்பது அபூர்வம்.

மொழியைப் பற்றிக் கறாராக இருங்கள். பேச்சு வழக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடநூல் மொழியில் சக மாணவரை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்பது கனடிய மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸின் ஆய்வு சொல்வது. பதினைந்து வயதில் புது மொழிக்குள் போகும் பிள்ளைக்கு அந்த ஐந்து ஆண்டு கையில் இல்லை. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை என்று கேட்டதும் ஆசை வரும். ஆனால் அங்கே போகும் பிள்ளை முதலில் மொழி வகுப்பில் உட்காரும், பிறகு அபிட்டூர் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பாதைக்குள் இடம் பிடிக்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் முதலில் போய், 16 தாண்டியபின் தனியே வரவழைத்தால், உங்கள் விசா வகையைப் பொறுத்து உயர்நிலை ஜெர்மன் அறிவைக் கேட்கலாம். கனடாவின் கியூபெக் மாநிலமும் இப்படித்தான். பி.ஆரோடு வரும் பிள்ளை அரசுப் பள்ளியில் பிரெஞ்சு வழியில்தான் படிக்க வேண்டும், 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்திலிருந்து இதுதான் நிலை. பள்ளி பதினொன்றோடு முடிந்து, பல்கலைக்கழகத்துக்கு முன் இரண்டு ஆண்டு சேஜெப் கல்லூரி வரும்.

கல்லூரிக் கட்டணம்தான் கையைக் கடிக்கும் இடம். பள்ளி இலவசமாகக் கிடைத்ததால் கல்லூரியும் உள்நாட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவராகக் கருத, பொதுவாக, படிப்புக்கு முந்திய மூன்று ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். அதோடு நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வேண்டும். வேலை விசாவில் 15 வயதில் வரும் பிள்ளைக்கு 18க்குள் முதலாவது நிறைவேறினாலும் இரண்டாவது எட்டாது. ஆஸ்திரேலியாவில் பி.ஆர். இருந்தால் அரசு மானிய இடம் உண்டு. ஆனால் ஹெக்ஸ்-ஹெல்ப் கடன் பொதுவாகக் குடிமக்களுக்கே, நீங்கள் பருவந்தோறும் முன்பணமாகக் கட்ட வேண்டும். நியூசிலாந்தில் மாணவர் கடனுக்கு, குடியிருப்பு விசாவோடு மூன்று ஆண்டு வசித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலவாசிக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பெரும்பாலும் 12 மாத வசிப்பு கேட்பார்கள். பதினேழில் போய், கட்டணத் தகுதி இல்லாமல் மாட்டுவதைவிட, பதினான்கில் போவது அல்லது பள்ளியை இங்கேயே முடித்துவிட்டு யோசிப்பது மேல்.

நாடு முடிவானால் ஊர். அலுவலகத்துக்கு அருகில் வீடு பார்ப்பதை மறந்துவிடுங்கள். பள்ளி எல்லை தெருவின் நடுவில் பிரியும். இந்தப் பக்கத்து வீட்டுக்கு ஒரு பள்ளி, எதிர்வீட்டுக்கு வேறு. வீட்டுத் தரகர் சொல்வதை நம்பாமல், கதவு எண்ணோடு பள்ளி வாரியத்தின் முகவரித் தேடலில் போட்டுப் பாருங்கள். எல்லைக்குள் இருந்தும் இடம் நிரம்பி, புதியவர்களை வேறு பள்ளிக்கு அனுப்பும் ஊர்களும் உண்டு. எனவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: அந்த வகுப்பில் இப்போது இடம் இருக்கிறதா, இயற்பியலும் உயர்நிலைக் கணக்கும் இந்தக் கட்டடத்திலேயே நடக்கின்றனவா, மொழி உதவி வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? சிறிய ஊரில் வாடகை குறையும், பாடத் தேர்வும் குறையும். மாலை ஏழு மணிக்குமேல் பேருந்து ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். வண்டி ஓட்டும் வயது வராத பிள்ளை, பேருந்து இல்லாத புறநகரில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும். நட்பு கிடைக்காமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

வயதுக்கு ஒரு வகுப்பு கீழே போடுகிறோம் என்று பள்ளி சொன்னால் மானப் பிரச்சினையாக்காதீர்கள். இறுதித் தேர்வுக்கு முன் கூடுதலாகக் கிடைக்கும் ஓராண்டு பெரிய லாபம். தென்கோளத்துக்குப் போகிறவர்களுக்கு இது தானாகவே எழும் கேள்வி: ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கல்வியாண்டு ஜனவரி கடைசி, பிப்ரவரியில் தொடங்குவதால் அரை ஆண்டு முன்னே போவதா, பின்னே போவதா என்று வரும். பின்னேயே போங்கள்.

கிளம்பும் முன் பழைய பள்ளியிடம் வாங்க வேண்டியவை: கடைசி மூன்று ஆண்டு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஒவ்வொரு பாடத்திலும் என்ன நடந்தது என்ற பாடத்திட்டப் பக்கங்கள், எல்லாம் பள்ளி முத்திரையோடு. தடுப்பூசிப் பதிவேட்டை மருத்துவரிடம் தனியாக வாங்குங்கள். கற்றல் குறைபாடு இருந்தால் மதிப்பீட்டு அறிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் சான்று முத்திரை) தேவையா என்று கேட்டு, தேவையென்றால் ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.