நிரம்பிய லைனை ரவுட்டர் ஏன் விலக்குவதில்லை?

கேள்வி: எங்கள் தலைமை அலுவலகத்தையும் கிளையையும் இரண்டு லீஸ்டு லைன்கள் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்புகள்) இணைக்கின்றன. ஒன்று 2 எம்பிபிஎஸ், மற்றது 1 எம்பிபிஎஸ். இரண்டும் சிஸ்கோ ரவுட்டர்களின் சீரியல் போர்ட்டுகளில் செருகப்பட்டு, தரவுக்கு வழி தேர்ந்தெடுக்கும் ஈஐஜிஆர்பி நெறிமுறை ஓடுகிறது. பிற்பகலில் சிறிய லைன் திணறும்போதும் பெரியதில் இடம் மிச்சமிருக்கிறது. சுமைக்கு எடை தரும் கே2 மதிப்பை 1 ஆக்கி, வழிகளை ஒப்பிடும் எண்ணான மெட்ரிக்கில் சுமையையும் சேர்த்தால் சரியாகுமா? (வாசகர், கோவை)

பதில்: ஆகாது. முதலில் 'ஷோ இன்டர்ஃபேஸ்' கட்டளையைக் கொடுத்து இரண்டு போர்ட்டுகளின் பேண்ட்வித் (லைனின் வேகம்) வரியையும் பாருங்கள். யாரும் மாற்றியிராவிட்டால் இரண்டிலும் 1544 கிலோபிட் என்றே இருக்கும். அது அமெரிக்க டி1 லைனின் வேகம். சீரியல் போர்ட் தன்னில் செருகிய லைனை அளந்து பார்ப்பதில்லை, எழுதிவைத்த எண்ணையே நம்புகிறது.

இயல்பான அமைப்பில் ஈஐஜிஆர்பி பேண்ட்வித்தையும் தாமதத்தையும் மட்டுமே கணக்கில் கொள்கிறது. ஒரு கோடியை 1544-ஆல் வகுத்தால் 6476. சீரியல் போர்ட்டின் தாமதம் 20,000 மைக்ரோவினாடி, அதைப் பத்துப் பத்தாக எண்ணினால் 2000. இவற்றின் கூட்டுத்தொகையான 8476-ஐ 256-ஆல் பெருக்க 21,69,856 வரும். இரண்டு லைனுக்கும் இதே விடை வருவதால், ரவுட்டர் அவற்றைச் சமமாகக் கருதித் தரவை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிக்கிறது. பாதியைத் தாங்க முடியாத சிறிய லைன் திணறுகிறது.

இனி கே2-க்கு வருவோம். அது 1 ஆனால், பேண்ட்வித் எண்ணை 256-லிருந்து சுமையைக் கழித்த மீதியால் வகுத்து வருவது கூடுதலாகச் சேரும். சுமை 255-க்கு எத்தனை என்று குறிக்கப்படுகிறது. அதுவும் எழுதிவைத்த 1544-ஐ வைத்தே கணக்கிடப்படுவதால், உங்கள் 1 எம்பிபிஎஸ் லைன் முழுதும் நிரம்பி வழிந்தாலும் 169-ஐத் தாண்டாது. 256-லிருந்து 169 போக மீதி 87. 6476-ஐ 87-ஆல் வகுத்தால் 74. 8476-இல் 74 கூடியென்ன, குறைந்தென்ன? போதாக்குறைக்கு, சுமை என்பது வழக்கமாக 5 நிமிடச் சராசரி. அது மாறிவிட்டது என்பதற்காக மட்டும் ஈஐஜிஆர்பி புதிய அறிவிப்பை அனுப்புவதும் இல்லை. ஒரு முனையில் மட்டும் கே2-ஐ மாற்றினால் இரு ரவுட்டர்களும் வழித் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் அண்டை உறவே முறிந்துவிடும்.

சுமையைப் பார்த்து வழி மாற்றும் ஆசை பழையது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் 1979 முதல் 10 வினாடிக்கொருமுறை தாமதத்தை அளந்து வழி தேர்ந்தார்கள். நெரிசல் மிகுந்தபோது தரவெல்லாம் காலியான வழிக்குப் பாய்ந்து, அது நிரம்பியதும் பழைய வழிக்கே திரும்பி ஊசலாடியதால், 1987-இல் அந்த மெட்ரிக்கைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஆகவே பேண்ட்வித் கட்டளையில் உண்மையான எண்களை, 2048 என்றும் 1024 என்றும் கொடுங்கள். மெட்ரிக் முறையே 17,61,792 என்றும் 30,11,840 என்றும் பிரியும். அத்தோடு நிறுத்தினால் எல்லாத் தரவும் மெட்ரிக் குறைந்த பெரிய லைனுக்கே போகும். மெட்ரிக் இரண்டு மடங்கு வரையுள்ள வழியையும் பயன்படுத்தச் சொல்லும் 'வேரியன்ஸ் 2' கொடுத்தால் சிறியதும் தன் பங்கைச் சுமக்கும். இன்னொரு வழித்தேர்வு நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்-க்கு மாறினாலும் இந்த வேலை தப்பாது, ஏனெனில் அதுவும் அதே 1544-ஐ வைத்து இரண்டுக்கும் 64 என்றே மதிப்பிடும். பேண்ட்வித் எண்ணை இரு முனைகளிலும் மாற்றுங்கள். ஒரு முனையோடு விட்டால் போகும் தரவு மட்டும் திருந்தும், வரும் தரவு பழையபடியே சிறிய லைனில் நெரியும்.