பவளத் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் மீன்களோடு ஒத்துப்போகும் புதிய மீன்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உயிருள்ள பவளங்களை வளர்க்கும் இருநூறு லிட்டர் உப்புநீர்த் தொட்டியில் ஒரு ஜோடி க்ளவுன் மீன்களும் நீல டேம்செல் என்ற சிறு மீன் ஒன்றும் இருக்கின்றன, அடுத்து எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தொட்டி வைத்து ஓராண்டுகூட ஆகியிருக்காது, வீட்டுக் குழந்தை சினிமாவில் வந்த ‘டோரி’ என்ற நீல மீன் வேண்டும் என்று அடம்பிடிக்கும், கடைக்காரர் “எல்லாம் ஒண்ணா இருக்கும் சார்” என்று சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

சாதுவான மீன், சண்டைக்கார மீன் என்று பிரித்துக் காட்டும் அட்டவணைகள் பொய்யல்ல. ஆனால் அவை பாதிதான். பல குடும்பங்கள் ஒரே வளாகத்தில் வாழ்ந்த மதுரையின் பழைய வளவு வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு, தங்கமான மனிதர்களும் குழாயடிக்கும் திண்ணைக்கும் மல்லுக்கு நின்றது நினைவிருக்கும். அதுபோல ஒரு மீனை வாங்குமுன், அது எந்தப் பொந்தில் படுக்கும், எந்த மட்டத்தில் நீந்தும், எதைத் தின்னும் என்ற மூன்றையும் விசாரித்து, அந்த இடம் உங்கள் தொட்டியில் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உருவத்திலும் நிறத்திலும் இரையிலும் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மீன்கள்தாம் பெரும்பாலும் ஒன்றையொன்று துரத்தும்.

என் தொட்டியில் பாறைக்கு அடியில் ஒரு குகை காலியாக இருந்தது. அதற்கு ராயல் கிராமா பொருத்தமாக இருக்கும் என்று முடிவு செய்து, வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் பணம் கட்டினேன். கரீபியன் கடலிலிருந்து வரும் மீன் என்பதால் விலை அதிகம். விடியற்காலையில் மாட்டுத்தாவணி ஆம்னி பேருந்து நிலையத்தில் தெர்மாகோல் பெட்டியை வாங்கியதும், அங்கேயே நாடாவைப் பிரித்து, செல்பேசி விளக்கைப் பைக்குள் அடித்துப் பார்த்தேன். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், எல்லாம் சரிதான். ஆனால் இரண்டு நிறமும் கத்தியால் வெட்டியதுபோல் நடுவில் நேர்கோட்டில் பிரிந்திருந்தன. கிராமாவின் ஊதா, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறி மெல்லத்தான் மஞ்சளில் கலக்கும். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் ஒரு கறுப்புப் பொட்டும், கண்ணின் குறுக்கே ஒரு கறுத்த கோடும் இருக்கும். பைக்குள் இருந்ததில் இவை எதுவும் இல்லை. வந்திருந்தது மேற்குப் பசிபிக்கைச் சேர்ந்த ராயல் டாட்டிபேக்; விலையும் குறைவு, தன் குகையை மட்டுமல்லாமல் அக்கம்பக்கத்துப் பொந்துகளையும் சேர்த்து உரிமை கொண்டாடும் இனம்.

விற்பனையாளரை அழைத்துச் சொன்னபோது, “ரெண்டும் ஒரே ஃபேமிலிதான் சார், கலர் அப்படியேதானே இருக்கு?” என்றார். ஒரே குடும்பமும் இல்லை. அந்த மீனைப் பவளத் தொட்டியில் விடாமல், புது மீன்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் சிறு தொட்டியில் விட்டேன். ஒளிந்துகொள்வதற்காக நான் போட்டு வைத்திருந்த பிவிசி குழாய்த் துண்டுக்குள் புகுந்துகொண்டு, உணவு விடும் குழலின் நுனியைக்கூட வாயைப் பிளந்துகொண்டு தாக்க வந்தது. பெரிய தொட்டி வைத்திருக்கும் திருமங்கலத்து நண்பர் ஒருவர் பிறகு அதை வாங்கிக்கொண்டார். வேறொருவரிடமிருந்து வரவழைத்த உண்மையான கிராமா இப்போது அந்தக் குகையின் கூரையை ஒட்டித் தலைகீழாக நீந்திக்கொண்டிருக்கிறது. அந்த இனத்துக்கு அது இயல்பு, நோய் என்று பயப்பட வேண்டாம்.

“என் தொட்டியில் டாட்டிபேக் எல்லோரோடும் நன்றாகத்தான் இருக்கிறது” என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இருக்கலாம். ஆறடித் தொட்டியில், நிறையப் பாறையோடு, கடைசியாக விடப்பட்ட மீனாக இருந்தால் நானும் நம்புவேன். அதேபோல, கடலில் பவளத்தை உடைத்து வந்தாயா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் பட்டியலில் இருப்பது எனக்குத் தெரியும். என்னிடம் இருப்பவை, நண்பர்களின் தொட்டிகளில் வளர்ந்து பிரித்துத் தரப்பட்ட மென்பவளங்கள் மட்டுமே.

மீனை மாற்றி அனுப்பிய விற்பனையாளரைவிடப் பெரிய மனக்குறை எனக்குப் பேருந்துப் பார்சல்காரர்கள் மீதுதான். ‘உயிருள்ள மீன், இந்தப் பக்கம் மேலே’ என்று நான்கு பக்கமும் எழுதிய பெட்டியை எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, “மீன்னா ஐஸ் போட்டுல்ல சார் அனுப்பணும்?” என்று எனக்கே புத்தி சொன்னார் ஒருவர். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும் என்பதை அந்த நேரத்தில் யாருக்கு விளக்குவது? சித்திரை, வைகாசியில் மீன் வரவழைப்பதையே அதன்பின் நான் விட்டுவிட்டேன்.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன். அங்கே சிக்கல் புதிய மீனால் வராது, நீல டேம்செல்லால்தான் வரும். எட்டு சென்டிமீட்டர் அளவுக்கே வளரும் அந்த மீன், தனக்குப் பிறகு தொட்டிக்குள் வருகிற எதையும் மூலைக்கு விரட்டும். முடிந்தால் புட்டியில் இரை வைத்துப் பிடித்து வெளியே எடுத்துவிட்டு, மற்ற மீன்கள் பழகிய பிறகு கடைசியாக விடுங்கள். க்ளவுன் ஜோடி ஒரு மூலையைத் தனதாக்கிக்கொண்டு அதோடு நின்றுவிடும். மணல்தளம் காலியாக இருந்தால் மஞ்சள் வாட்ச்மேன் கோபியை விடலாம். கூடவே ஒரு பிஸ்டல் இறாலையும் விட்டால், இறால் வளை தோண்ட, கோபி வாசலில் காவல் இருக்கும். நடுமட்டத்துக்கு ஃபயர்ஃபிஷ் நல்லது, ஆனால் மிரண்டால் தொட்டிக்கு வெளியே குதித்துவிடும் என்பதால் வலை மூடி கட்டாயம். பச்சை க்ரோமிஸைக் கூட்டமாக வாங்கத் தோன்றும். அவை தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறைவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ராமேசுவரம் பக்கத்திலிருந்து மலிவாக வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களில் பெரும்பாலானவை பவளத்தையே கொத்தித் தின்பவை. க்ளீனர் ராஸ், மாண்டரின் என்ற மீன்கள் இரண்டும் உங்கள் அளவுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும்.

எதை வாங்கினாலும் நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் பவளத் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், அதற்குக் கொடுக்கும் செம்பு மருந்து பவளத்தையும் இறாலையும் சேர்த்துக் கொன்றுவிடும். இரண்டு மீன்களுக்கு இடையே சில வாரங்கள் இடைவெளி விடுங்கள். கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருகுவதற்கு அந்த நேரம் வேண்டும்.

டோரி முப்பது சென்டிமீட்டர் வரை வளரும், நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும். உங்கள் தொட்டியில் அதற்கு இடமில்லை என்று குழந்தையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். என் அண்ணன் மகளிடம் சொன்னதற்கு அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.