வேலையில் இருந்துகொண்டே சட்டப் படிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எம்.காம். முடித்துத் தனியார் வங்கியில் பணிபுரிகிறேன். வயது 38. மூன்றாண்டு எல்.எல்.பி. சேர வயது தடையாகுமா? நுழைவுத் தேர்வு உண்டா? (சேலம் வாசகர்)

பதில்: வயது தடையாகாது. மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்று, சட்டக் கல்வியையும் வழக்கறிஞர் தொழிலையும் நெறிப்படுத்தும் இந்தியப் பார் கவுன்சில் விதித்த உச்சவரம்பை உச்ச நீதிமன்றம் 2017இல் நிறுத்திவைத்தது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இப்படிப்புக்கு நுழைவுத் தேர்வு நடத்துவதில்லை. பட்டப்படிப்பு மதிப்பெண்ணின் அடிப்படையில், இட ஒதுக்கீட்டு முறைப்படி இடங்களை வழங்குகிறது. பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 45 விழுக்காடும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40 விழுக்காடும் தேவை.

கேள்வி: சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் முழுநேர வேலை. வேலையை விடாமல் படிக்க மாலைநேரக் கல்லூரி உண்டா? அண்டை மாநிலத்தில் வருகைப்பதிவு கேட்காத கல்லூரியில் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: எனக்கு வரும் கடிதங்களில் பாதி இக்கேள்விதான். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் முறையான படிப்பு என்று ஏற்பது, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் தொடர்ச்சியாகவும் வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்குக் குறையாமலும் நடப்பதை மட்டுமே. வகுப்புகளைக் காலை 8 மணி முதல் இரவு 7 மணிக்குள் நடத்த வேண்டும் என்பதால், அலுவலகம் முடிந்து போய்ச் சேரும் இரவுக் கல்லூரி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை வேண்டும். தக்க காரணம் இருந்தால், மொத்த வருகை 70 விழுக்காடு உள்ளவருக்குக் குறிப்பிட்ட பாடத்தில் 65 வரை தளர்வு கிடைக்கலாம். போதாக்குறைக்கு, உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த அரசு சட்டக் கல்லூரி 2018இல் நகருக்கு வெளியே பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போய்விட்டது; உங்கள் கணக்கில் பயண நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்’ என்கிற தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். படிக்கும் காலத்தில் வேலையில் இருந்தீர்களா, இருந்தால் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று பெற்றீர்களா என்பதை மாணவர் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்று பார் கவுன்சில் 2024 செப்டம்பரில் கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஒரே நாளில் அலுவலகத்திலும் வகுப்பிலும் உங்கள் வருகை பதிவாகியிருந்தால், இரண்டில் ஒன்று பொய் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய புலனாய்வு தேவையில்லை. பணிநேரத்தை மாற்றிக்கொள்ள நிறுவனம் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் விண்ணப்பியுங்கள். இல்லையென்றால், மூன்றாண்டுச் செலவுக்குச் சேமித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டுச் சேர்வதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

கேள்வி: பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக எம்.ஏ. முடித்தேன். விண்ணப்பிக்கலாமா?

பதில்: இயலாது. அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற பட்டத்தை மேலே சொன்ன 2008ஆம் ஆண்டு விதிகள் ஏற்பதில்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு தொலைநிலையில் இளநிலைப் பட்டம் பெற்றவரின் நிலை வேறு, அவருக்குத் தடையில்லை. எல்.எல்.பி.யையே தபாலில் படிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள்; அப்படிப் பெறும் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

கேள்வி: அரசு ஊழியர் நான். துறைக்குத் தெரிவிக்காமல் சேரலாமா?

பதில்: வேண்டாம். முன் அனுமதி பெறுங்கள். பகல்நேரப் படிப்பு என்பதால், விடுப்பு பற்றிய ஆணையையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பட்டம் பெற்றபின் இப்போதைய வேலையிலேயே நீடித்தபடி வழக்கறிஞராகப் பதிவு செய்து, பிறகு உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதலாம் என்றிருக்கிறேன். சரியா? (மதுரை வாசகர்)

பதில்: வழக்கறிஞர் தொழில் செய்பவர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 49. வேலையை விட்ட பிறகே பதிவு. நீதிபதித் தேர்விலும் உங்கள் திட்டம் இடிக்கிறது: உரிமையியல் நீதிபதி என்ற தொடக்கநிலைப் பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. அக்கணக்கு, அகில இந்தியப் பார் தேர்வில் தேறும் முன் வழக்கறிஞராகச் செய்துகொள்ளும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்துதான் தொடங்கும். இப்போதைய வேலையில் நீங்கள் கழிக்கும் ஆண்டுகள் அதில் சேரா.