நின்றுபோன குளத்து ஃபில்டரை மீண்டும் ஓட்டும்போது அம்மோனியாவை எப்படிச் சமாளிப்பது?

பம்ப் பழுதாகிப் பத்து நாட்கள் நின்றிருந்த ஃபில்டரை மீண்டும் ஓட்டியதும் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டுகிறது, பஞ்சை நன்றாகக் கழுவி மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அலசலாம், ஆனால் குழாய்த் தண்ணீரில் வேண்டாம். பஞ்சில் வழவழவென்று ஒட்டியிருந்த பழுப்புப் படலத்தை அழுக்கென்று எண்ணி, குளோரின் கலந்த தண்ணீரில் வெளுக்கும்வரை பிழிந்து, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை என் கையாலேயே சாக்கடைக்கு அனுப்பியவன் நான். உங்கள் ஃபில்டரில் நீரோட்டம் நின்றதும் ஆக்சிஜன் தீர்ந்து அவற்றில் பெரும்பகுதி அழிந்திருக்கும். பெட்டியில் தேங்கி நாறிய நீர்தான் இப்போது குளத்தில் கலந்திருக்கிறது. ஃபில்டரை நிறுத்தி, பெட்டியில் எஞ்சியிருக்கும் நீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, பஞ்சைக் குளத்து நீரிலேயே ஒரு வாளியில் இரண்டு முறை அலசி மாட்டுங்கள். காற்று பம்ப் இரவும் பகலும் ஓடட்டும்.

அம்மோனியா அளவை மட்டும் பார்த்துப் பயன் இல்லை, நீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சுத்தன்மை மிக்க வடிவம் 1 சதவீதம்கூட இருக்காது. பிஎச் 8 ஆனால் சுமார் 5 சதவீதம், 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பாசி மிகுந்த குளத்தில் மாலையில் பிஎச் ஏறிவிடும் என்பதால், காலையில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். இதே காரணத்தால், அம்மோனியா அதிகமுள்ள நாளில், பிஎச்சை ஏற்றும் சமையல் சோடாவை அள்ளிக் கொட்டக் கூடாது. ஆனாலும் பாக்டீரியாக்கள் வேலை செய்யச் செய்ய நீரின் காரத்தன்மை கரைந்துகொண்டே போகும். பிஎச் 7-க்குக் கீழே சரியத் தொடங்கினால் மட்டும் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

தீவனத்தை இன்றே நிறுத்துங்கள். வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். அதன் பிறகு ஒரு சிட்டிகை மட்டும் போடுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரால் தினமும் கால் பங்கு நீரை மாற்றுங்கள். புட்டிகளில் விற்கும் பாக்டீரியாவில் எனக்கு நம்பிக்கை குறைவு. நன்றாக ஓடும் இன்னொரு குளத்தின் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் அதுவே மேல், அந்தக் குளத்து மீன்களுக்கு நோய் இல்லையென்றால்.

அம்மோனியா இறங்கியதும் நைட்ரைட் ஏறும். அப்போது 1000 லிட்டருக்கு 1 கிலோ வீதம் வேறெதுவும் கலக்காத உப்பைக் கரைத்து ஊற்றினால், நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் புகுவது குறையும். எல்லாம் சீராக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து சில நாட்கள் பூஜ்யம் காட்டிய பிறகு, தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.